கீழே இருக்கிறது பழசு

புது டிரைவுக்குச் சத்தமே இருக்காது என்று ரிஸ்வான் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவனுடைய பைக் பழவேற்காட்டுப் பக்கமாகப் போய் மறைந்த பிறகு, எப்சிபா கம்ப்யூட்டர் முன்னால் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு அந்த இல்லாத சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கூரை ஓரத்துத் தகரத்தை வாடைக்காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. எதிர்வீட்டில் காயப்போட்டு, மழைக்குப் பயந்து அள்ளி வைத்த இறாலின் நாற்றம் ஜன்னல் வழியாக வந்து சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளறையில் ஐந்து வயது பெனிட்டா பாயில் படுத்து, கையில் கிடந்த ரோஸ் கலர் பிளாஸ்டிக் வளையலை மேலும் கீழும் உருட்டியபடி தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அப்போது மேசைக்கு அடியில், அந்தக் கறுப்புப் பெட்டிக்குள், டொக் என்றது. கொஞ்சம் விட்டு மறுபடியும் டொக்.

அது பழைய ஹார்ட் டிஸ்க்கின் சத்தம். "கழி படகுல இடிக்கிற மாதிரி இல்ல?" என்று அவள் கணவன் ஜோயல் சிரிப்பான். ஆழமில்லாத ஏரியில் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளும்போது, ஒவ்வொரு தள்ளலுக்கும் கழி படகின் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டும். அதே சத்தம்தான். ஆனால் அந்த டிஸ்க்கை இப்போது யாரும் திறக்கவில்லையே. பழைய சாமான், அப்படித்தான் இருக்கும் என்று எப்சிபா நினைத்துக்கொண்டாள்.

வீட்டு முன்னறையில் இருந்த அந்தக் கம்ப்யூட்டரை வைத்துத்தான் அவள் பிழைப்பு. கோட்டைக்குப்பத்து ஜனங்களுக்கு விண்ணப்பம் தட்டிக் கொடுப்பாள், ஆதார் அட்டை பிரிண்ட் எடுப்பாள், பாஸ்போர்ட் அளவுப் போட்டோ போடுவாள். பெட்டியின் ஒவ்வொரு திருகையும் முடுக்கி அதைச் சேர்த்துக் கொடுத்தவன் ஜோயல். கொஞ்ச நாளாக அது படுத்துக்கொண்டது. ஆன் செய்தால் பாதியில் நின்று நீலமாக முழிக்கும். வேறு சமயமாக இருந்தால் ஆற அமரப் பார்த்திருப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜோயலை அடக்கம் செய்யப் போகிறார்கள். அடக்க அழைப்பு அட்டையில் போட அவனுடைய நல்ல படங்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன.

அடக்கம் செய்ய உடல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதேபோல ஒரு மழைக்காலத்தில் முகத்துவாரத்துப் பக்கம் போனவன் அவன். கடலும் ஏரியும் முட்டிக்கொள்ளும் அந்த வாயில் நீரோட்டம் மாறியிருந்தது. ஃபைபர் படகு கவிழ்ந்து கிடைத்தது. வலை கிடைத்தது. அவன் மட்டும் கிடைக்கவில்லை. இனியும் காத்திருக்க வேண்டாம், அவனுடைய துணியைப் பெட்டியில் வைத்து மண்ணுக்குக் கொடுத்துவிடலாம் என்று மாமனார் ஆபிரகாமும் சபைப் போதகரும் பேசி முடித்திருந்தார்கள். எப்சிபா சரி என்று தலையாட்டியிருந்தாள். தலைதான் ஆடியது.

"இந்தா பாரும்மா," என்று ரிஸ்வான் கிளம்புமுன் திரையைக் காட்டிச் சொன்னான். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். ஜோயலோடு பொன்னேரி காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். "புது டிரைவுல புது விண்டோஸ் போட்டுட்டேன். பழைய டிஸ்க்க கழட்டல. அதுல இருக்கிற பழைய விண்டோஸும் அப்படியே இருக்குது. ஆன் பண்ணா எது வேணும்னு கேக்கும். மேல இருக்கிறது புதுசு, கீழ இருக்கிறது பழசு. நீ எதையும் தொடலன்னா தானா புதுசுக்குப் போயிடும்."

"அவரோடது ஒண்ணும் போவலியே ரிஸ்வாண்ணா?"

"ஒண்ணும் போவல. ஆனா அந்த டிஸ்க்க நம்பாத. வேணுங்கிறத எல்லாம் இந்தப் பக்கம் காப்பி பண்ணிக்கோ. அப்பால இந்தச் செவப்பு ஒயர புடுங்கிட்டா முடிஞ்சுது." ஜோயல் என்ற பேரைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பெட்டியின் பக்கத்து மூடியை மாட்டாமலே சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். உள்ளே சிவப்பு ஒயர் தெரிந்தது.

எப்சிபா கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டாள். கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்து நின்றன. கீழே இருப்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

டொக், டொக் என்று பழைய டிஸ்க் முக்கி முனகி எழுந்தது. ஜோயல் வைத்திருந்த ஒழுங்கில் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. பின்னால் அவனுடைய படம். ஒரு சாயங்காலம் ஏரியிலிருந்து திரும்பி வரும்போது படகில் உட்கார்ந்தபடி செல்போனில் எடுத்தது. சாம்பல் நிறத் தண்ணீர், சாம்பல் நிற வானம், இரண்டுக்கும் நடுவில் மை தீட்டியதுபோல் கரை. கீழ் மூலையில் படகின் விளிம்பைப் பிடித்திருக்கும் அவனுடைய இடது கை, கல்யாண மோதிரத்தோடு, நண்டு கடித்த தழும்போடு. கரையில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. "பாத்தியா, தண்ணியில இருந்து பாத்தா நம்ம வூடு இவ்ளோதான்," என்று அன்றைக்கு அதை அவளுக்குக் காட்டினான். அந்தப் புள்ளி, அவர்கள் வீட்டு வாசல் பல்பு.

அந்தத் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. ஆள் தண்ணீரில் இருந்தால் ஏரியைப் பார்த்த சுவரில் பல்பு எரியும். வீட்டுப் பெண் போடுவாள். ஆனால் அவள் அணைக்கக் கூடாது. கரையேறி வருகிறவன்தான் தன் ஈரக்கையால் அணைக்க வேண்டும், அதற்காகவே ஸ்விட்ச் கதவுக்கு வெளியே இருக்கும். விளக்கு அணைந்துவிட்டால் வீட்டுக்காரன் வந்துவிட்டான் என்று தெருவுக்கே தெரியும். எப்சிபா வீட்டு விளக்கு இரண்டு வருஷமாக எரிந்துகொண்டிருக்கிறது. ஃபியூஸ் போனால் பட்டப்பகலில் மாற்றி, பட்டப்பகலிலேயே போட்டுவிடுவாள்.

படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் புள்ளி கொஞ்சம் பெரிதாக இருந்ததுபோல் பட்டது. கடுகளவு இருந்தது இப்போது மிளகளவு. ரிஸ்வான் திரையில் ஏதாவது மாற்றியிருப்பான் என்று நினைத்து, வேண்டிய படங்களைப் புது டிரைவுக்குக் காப்பி செய்தாள். பிறகு கம்ப்யூட்டரைப் புதுசில் எழுப்பி, அந்த ஏரிப் படத்தையும் ஒரு பிரிண்ட் எடுத்துப் பைபிளுக்குள் வைத்தாள். பிரிண்டில் புள்ளி கடுகளவுதான் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கரண்ட் போய்ப் போய் வந்தது. அவள் அடுப்படியில் மடவை மீனைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். முன்னறையில் டொக், டொக் என்று கேட்டது. கை கழுவாமல் ஓடி வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் தானாக எழுந்திருந்தது. தானாக எழுந்தால் புதுசுக்கல்லவா போக வேண்டும்? திரையில் ஜோயலின் ஃபோல்டர்கள் இருந்தன.

கரை நெருங்கியிருந்தது.

பனைமரங்களைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. வலை காயப்போடும் கம்புகள் தெரிந்தன. எதிர்வீட்டு நீலச்சுவர் மங்கலாகத் தெரிந்தது. வெள்ளைப் புள்ளி இப்போது நகத்தளவு வெளிச்சமாக, சுற்றிலும் மழை ஈரத்தில் கலங்கி நின்றது. பைபிளுக்குள் வைத்த பிரிண்டை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். அதில் அந்தப் பழைய சாயங்காலம் அசையாமல் இருந்தது. காப்பி செய்தது காப்பியாகவே நின்றுவிட்டது. பழைய டிஸ்க்கில் இருந்தது மட்டும் வந்துகொண்டிருந்தது.

பயந்தாளா என்றால், முதலில் இல்லை. மீன் செதில் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். வந்துக்கிட்டு இருக்கார், வந்துக்கிட்டு இருக்கார் என்று மனசு ஒரே பாட்டாகப் பாடியது. இரண்டு வருஷமாக இந்த நெஞ்சு எதற்காகக் காய்ந்து கிடந்ததோ அது நடக்கிறது. எத்தனை பேர் அவளைப் பாவம் என்று பார்த்தார்கள்!

அப்புறம்தான் அந்தக் கையைப் பார்த்தாள். படகு விளிம்பைப் பிடித்திருந்த அதே இடது கை. அதே தழும்பு. ஆனால் தோல் வெளுத்துச் சுருங்கி, ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய கைபோல் இருந்தது. மோதிரம் கழன்று விரல் முட்டியில் வந்து நின்றது.

ரிஸ்வானுக்குப் போன் போட்டாள்.

"டிஸ்க்ல இருக்கிற படம் எப்டிம்மா மாறும்? நீ சரியா தூங்கல, அதான்," என்றான். "எனுக்கும் அவன் நெனப்புதான். சொன்னா கேளு, அந்த ஒயர புடுங்கிடு."

"புடுங்கிட்டா அதுல இருக்கிறது இன்னா ஆகும்?"

"அதுல இருக்கிறது அதுலயே இருக்கும். யாரும் தொறந்து பாக்க முடியாது, அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவன் சுலபமாகச் சொல்லிவிட்டான். யாரும் திறந்து பார்க்க முடியாத இடத்தில் ஜோயல் ஏற்கெனவே இரண்டு வருஷம் இருந்துவிட்டான். அவள் மேசைக்கு அடியில் குனிந்து ஒயர் வரைக்கும் கையைக் கொண்டுபோனாள். பெட்டிக்குள்ளிருந்து சேற்று வாடை வந்தது, வெயில் படாத அடிச்சேற்றின் வாடை. கையை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஆபிரகாம் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். சவப்பெட்டிக்குள் வைக்க எந்தச் சட்டை என்று கேட்டார். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கொடுத்தாள். அதை மடியில் வைத்து, காலரைத் தடவிக்கொண்டே இருந்தார். பெரிய மனுஷன் அழுவதை அவள் பார்க்க வேண்டாமென்று ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாளைக்கு அடக்கம் முடிஞ்சதும் லைட்ட நானே அணைச்சிர்றேம்மா. அணைக்க வேண்டியவன் இல்லாட்டி அப்பன்தான் அணைக்கணும்."

"மாமா, ஒருவேளை அவர் வந்துன்னு இருந்தா?"

அவர் கண்ணும் அந்தப் பல்பையே பார்த்தது.

"நானும் ரெண்டு வருஷமா அதைத்தாம்மா கேட்டுனு இருந்தேன். எம்புள்ள என்னிக்கோ போயிட்டான். இத்தினி நாள் தண்ணியில கெடந்துட்டு இன்னிக்கு ஒண்ணு வெளிச்சத்தப் பாத்து வந்துச்சுன்னா, அது ஜோயலு இல்ல. வூட்ல பச்சப் புள்ள கீது. அத உள்ள வுடுவியா நீ?"

எப்சிபா தலையாட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் நடந்தது. ஒரு சட்டை மட்டும் இருந்த பெட்டி கனமே இல்லாமல் இருந்ததால், தூக்கியவர்கள் தங்களை அறியாமல் வேகமாக நடந்துவிட்டார்கள். மெதுவா போங்கப்பா, மெதுவா என்று போதகர் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு காட்சியில்தான் எப்சிபா உடைந்துபோனாள். எவ்வளவு வாட்டசாட்டமான ஆள் அவன், அவனைத் தூக்க நான்கு பேர் மூச்சு வாங்கியிருக்க வேண்டாமா? குழிக்குள் மண் விழுந்த சத்தமும் வெறும் பெட்டியில் விழுந்த சத்தமாகத்தான் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஆபிரகாம் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவுக்கு வெளியே இருந்த கறுப்பு ஸ்விட்சின் மேல் விரலை வைத்தார். டக். அந்தச் சின்னச் சத்தத்துக்குத் தெருவில் கூடி நின்ற அத்தனை பேரும் தலைகுனிந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அவரும் போனார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் இரண்டு வருஷமாகப் பார்க்காத இருட்டு வந்து நின்றது. பெனிட்டா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா லைட்டு போடல?"

"தாத்தா அணைச்சிட்டார் கண்ணு. இனிமே போடக் கூடாது."

"இருட்டுல நைனா எப்டிமா வருவாரு?"

குழந்தையை உள்ளறையில் படுக்க வைத்துப் போர்த்திவிட்டாள். முன்னறைக்கு வந்து மேசைக்கு அடியில் உட்கார்ந்தாள். ஒயரைப் பிடுங்கிவிடுவது என்று கல்லறைத் தோட்டத்திலேயே முடிவு செய்திருந்தாள். கடைசியாக ஒருமுறை, ஒரே ஒருமுறை அவனைப் பார்த்துவிட்டுப் பிடுங்குவது என்றும் முடிவு செய்திருந்தாள். மனுஷ மனசு இப்படித்தான் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது.

ஆன் செய்தாள். கீழே இருப்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

டொக். நெடுநேரம் கழித்து, டொக்.

படத்தில் கரை இல்லை. பனைமரம் இல்லை, நீலச்சுவர் இல்லை, வெளிச்சம் இல்லை. முழுத்திரையும் கறுப்பு. கீழ் மூலையில் மட்டும் அந்தக் கை. படகுக்கு உள்ளேயிருந்து விளிம்பைப் பிடித்திருந்த கை இப்போது வெளியேயிருந்து பிடித்திருந்தது, தண்ணீருக்குள் தொங்குகிற ஒருவன் படகைப் பிடிக்கிற மாதிரி. நான்கு விரல்களும் வெளுத்துத் தெரிந்தன.

அவள் அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மூன்று விரல்கள்.

மறுபடி போட்டாள். விரல் நுனிகள்.

இரண்டு வருஷமாக அவள் கற்பனை செய்யாமல் தள்ளி வைத்த காட்சி இதுதான். அன்றைக்கு முகத்துவாரத்தில் கவிழ்ந்த படகை அவன் எவ்வளவு நேரம் பிடித்துத் தொங்கினான்? யாரைக் கூப்பிட்டான்? கரையில் இந்த விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டேதான் கைவிட்டானா? அன்றைக்கு அவள் இங்கே அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது தடவையும் அவனை அப்படியே விடுவதா?

மாமனார் சொன்னது நினைவில்தான் இருந்தது. பச்சப் புள்ள கீது. எல்லாம் நினைவிருந்தது. இருந்தும் கால்கள் எழுந்து நடந்தன. கதவைத் திறந்து மழைச்சாரலில் கையை நீட்டி ஸ்விட்சைப் போட்டாள்.

அடக்கம் முடிந்து அணைத்த விளக்கை மறுபடி போட்டால் என்ன ஆகும் என்று அந்தத் தெருவில் யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. அப்படி யாரும் போட்டதில்லை.

முற்றம் முழுக்க வெள்ளை வெளிச்சம். மழைக்கம்பிகள் பளபளத்தன. அவளுக்கு நெஞ்சு லேசானது. உள்ளே வந்து உட்கார்ந்தாள். கதவைத் தாழிடவில்லை என்பது அவள் நினைவுக்கே வரவில்லை.

கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழுந்தது. அந்த இரண்டு வரிகள் வரவே இல்லை.

டொக். டொக். டொக்.

கரை. வலைக்கம்புகள். விளக்கு.

அணைந்து எழுந்தது. படகுத்துறை. அதன் வழுக்கும் கற்கள், பாசி.

அணைந்து எழுந்தது. தெரு. குழாயடி. கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் குடங்கள். மழை.

"வந்துட்டீங்களா," என்று திரையைத் தொட்டாள். விரல் ஈரமானது. ஏரித்தண்ணீரின் உப்பு வாடை.

கை இன்னும் மூலையில் இருந்தது. அதன் கீழே படகு விளிம்பு இல்லை. கை சும்மா தொங்கியது, நடக்கிறவனின் கை தொங்குவதுபோல. அப்போதுதான் அதை முழுசாகப் பார்த்தாள். தழும்பு இருந்த இடத்தில் சதையே இல்லை. நண்டுகள் மிச்சம் வைத்தது மட்டும் இருந்தது. மோதிரம் எலும்பில் கிடந்தது. விரலிடுக்கில் ஏதோ சின்னதாக நகர்ந்தது.

அது ஜோயலு இல்ல.

மேசைக்கு அடியில் புகுந்து, சிவப்பு ஒயரைப் பிடித்து, பிடுங்கினாள். கையோடு வந்தது.

டொக்.

பெட்டி சத்தம் இல்லை அது. பெட்டியில் ஃபேன்கூட ஓடவில்லை. சத்தம் வெளியே. தெருவில். கழியை ஊன்றி நடக்கிற சத்தம். டொக். வேலி ஓரம். டொக். முற்றத்தில். அப்புறம் நின்றது.

அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். திரை அணையவில்லை. படம் மாறியிருந்தது.

இந்த வீடு. வாசற்படி. அகலத் திறந்த கதவு. எரியும் பல்பு. பல்புக்குக் கீழே பெனிட்டா, போர்வை தோளிலிருந்து நழுவ, தலையை அண்ணாந்து யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு. இப்படி அவள் சிரித்து எப்சிபா இரண்டு வருஷமாகப் பார்த்ததில்லை. அந்தக் கை அவள் தலைமேல் இருந்தது.

வெளியே ஸ்விட்ச் அணைந்தது. டக்.

ஜன்னல் இருண்டது.

"பெனி!"

ஓடினாள். முற்றத்தில் யாருமில்லை. மழை மட்டும். ஸ்விட்சைத் தடவினாள். குழகுழவென்று சேறு. போட்டாள், அணைத்தாள், போட்டாள். விளக்கு வரவில்லை. தெரு முனைவரை ஓடினாள், படகுத்துறைவரை ஓடினாள், பேரைச் சொல்லிச் சொல்லி ஓடினாள். துறையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. தெருவில் ஒரு கதவு திறந்தது, யாரோ இன்னாம்மா என்று கேட்டார்கள். அவள் திரும்பி வீட்டுக்கு ஓடினாள். உள்ளறைக்கு. பாய். போர்வை இல்லை. குழந்தை படுத்திருந்த இடத்தில் இன்னும் சூடு இருந்தது.

முன்னறையில் நீல வெளிச்சம். சிவப்பு ஒயர் தரையில் கிடந்தது.

திரையில் ஜோயலின் பழைய படம். சாம்பல் நிறத் தண்ணீர், சாம்பல் நிற வானம், நடுவில் மை தீட்டியதுபோல் கரை, தூரத்தில். கரையில் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. கீழ் மூலையில் படகு விளிம்பைப் பிடித்திருக்கும் கை. அதன் பக்கத்தில், அதே விளிம்பை இறுகப் பிடித்தபடி, ரோஸ் கலர் வளையல் போட்ட ஒரு சின்னக் கை.